பெரிய மட்டி இருக்கிறது, குஞ்சு எங்கே? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை ஆற்று மட்டி பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். வாவியிலும் கடலோரத்திலும் பொறுக்கும் மட்டி வேறு. இங்கே பேசுவது ஆறு, குளம், வாய்க்கால் என்று நன்னீரிலேயே புதைந்து கிடக்கும் மட்டியை. நம் கிழக்கிலங்கைப் பக்கத்தில் கையில் அகப்படுவது பெரும்பாலும் இரண்டு சாதி. ஒன்று நீண்டு, ஓடு மெல்லியதாய், கரும்பழுப்பு அல்லது பச்சை கலந்த கறுப்பாய், 10 செ.மீ. வரை வளர்வது, லமெலிடென்ஸ் என்பார்கள். மற்றது சிறியது, உருண்டு தடித்தது, ஓட்டின் மேல்மூட்டுப் பக்கம் நெளிநெளியாய் வரி விழுந்திருக்கும், அது பரேசியா. முன்னது சேற்றையும் தேங்கிய தண்ணீரையும் ஓரளவு தாங்கும். பின்னதற்கு மணலும் ஓட்டமும் வேண்டும். கீழே வரும் பதில்களில் இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரடி ஆற்றில் இறங்கினால் காலில் மட்டி இடறுகிறது. எல்லாம் உள்ளங்கை அளவு. ஆறு நல்ல நிலையில் இருப்பதற்கு இது சான்றுதானே?
– வாசகர், வெல்லாவெளி

எல்லாமே உள்ளங்கை அளவு என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் யோசிக்க வைக்கிறது. மட்டிக்கு ஆயுள் கூட. ஐரோப்பிய ஆற்று முத்து மட்டி நூறு வயதைத் தாண்டுவதுண்டு. நம்முடையதற்கு அவ்வளவு இல்லை என்றாலும் ஒரு போகம் இரண்டு போகத்தில் முடிகிற உயிர் அல்ல அது. ஆகவே இன்று காலில் இடறும் பெரிய மட்டி, அது குஞ்சாக இருந்த காலத்தில் ஆறு எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்கிறது. இன்றைய ஆற்றைச் சொல்வது 3 செ.மீ.க்குக் குறைந்த குஞ்சு மட்டி. அது இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது கிழவர்கள் மட்டும் மிஞ்சிய ஊரை.

குஞ்சு ஏன் முதலில் காணாமற் போகிறது என்று விளங்க, மட்டியின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆண் மட்டி விந்தைத் தண்ணீரில் விடும். பெண் மட்டி தண்ணீரை உறிஞ்சும்போது அதுவும் உள்ளே போகும். முட்டை பெண்ணின் பூவுக்குள்ளேயே (செவுளுக்குள்ளேயே) குடம்பியாகும். மணல் பருக்கையை விடச் சிறிய, இரண்டு ஓடு கொண்ட அந்தக் குடம்பி வெளியே வந்ததும் ஒரு மீனின் பூவிலோ செட்டையிலோ கவ்விப் பிடிக்க வேண்டும். பிடிக்காதது செத்துவிடும். பிடித்தது சில நாள் தொடக்கம் சில வாரம் வரை அங்கேயே ஒட்டியிருந்து உருமாறி, உதிர்ந்து ஆற்றடியில் விழும். எந்த மீனும் சரிவராது. ஒவ்வொரு மட்டிச் சாதிக்கும் ஏற்ற மீன்கள் சில உண்டு. விழுந்த குஞ்சு, மேல்மண்ணில் சில சென்ரிமீற்றர் ஆழத்தில், மணல் பருக்கைகளுக்கு இடையிலுள்ள இடுக்கில் மறைந்திருந்து வளரும். அந்த இடுக்கில் தண்ணீர் ஓட வேண்டும், ஒட்சிசன் இருக்க வேண்டும்.

பெரிய மட்டிக்குத் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விடும் நீர்வாய் இரண்டும் மண்ணுக்கு மேலே நீட்டியிருக்கும். அடியில் சேறு நாறினாலும் மேல்தண்ணீரைக் குடித்துச் சமாளிக்கும். குஞ்சுக்கு அந்த வசதி இல்லை. மணலின் மேல் மெல்லிய களிப் படலம் ஒன்று படிந்து இடுக்கு அடைபட்டாலே போதும், அந்த ஆண்டுக் குஞ்சு முழுவதும் போய்விடும், பெரியதில் ஒன்றுகூடச் சாகாமல். வெளியே ஒன்றும் தெரியாது. பத்து ஆண்டு கழித்துத்தான் "முந்தி எவ்வளவு மட்டி" என்ற பேச்சு வரும்.

பாடசாலைச் சுற்றாடல் கழகப் பிள்ளைகளைக் கொண்டு மட்டிக் கணக்கெடுக்க விரும்புகிறோம். விலை கூடிய கருவி இல்லாமல் செய்ய வழி உண்டா?
– ஆசிரியர், படுவான்கரைப் பாடசாலையொன்று

உண்டு. ஆனால் முதலில் முதலை. நம் ஆறுகளிலும் குளங்களிலும் முதலை இருக்கிற இடத்தை ஊரில் உள்ள மீன்காரர் துல்லியமாகச் சொல்வார். அவர் வேண்டாம் என்ற மடுவில் இறங்க வேண்டாம். பிள்ளைகள் முழங்காலுக்கு மேல் தண்ணீருள்ள இடத்துக்குப் போகக் கூடாது. காலில் புண் இருப்பவர் கரையில் இருந்து எழுதட்டும். எலிக்காய்ச்சல் வயல் தண்ணீரில் மட்டும் வருவதல்ல.

சாமான்: 50 செ.மீ.க்கு 50 செ.மீ. பிவிசி குழாய்ச் சட்டம் ஒன்று, அடியில் கண்ணாடி ஒட்டிய வாளி ஒன்று, 5 அல்லது 6 மி.மீ. கண்ணுள்ள அரிதட்டு, வேர்னியர் இடுக்கிமானி, நீள அளவுநாடா, ஒரு தோடம்பழம். சட்டத்துக்குள் கொஞ்சம் மணல் போட்டுக்கொண்டால் தண்ணீரில் மிதக்காமல் அடியில் படியும்.

காலம் சிறுபோகக் கடைசி, தண்ணீர் வற்றித் தெளிந்திருக்கும் ஆகஸ்ட், செப்டெம்பர். ஆற்றில் 50 மீற்றர் நீளத்தை அளந்து, கரையோரம், நடு, மறுகரை என்று குறைந்தது 20 இடத்தில் சட்டத்தை வையுங்கள். மட்டி இருக்கிற இடமாய்ப் பார்த்து வைத்தால் கணக்குப் பொய்யாகிவிடும்; எத்தனையாவது மீற்றரில் வைப்பது என்பதைக் கரையிலேயே சீட்டுக் குலுக்கி முடிவெடுங்கள். முதலில் கண்ணாடி வாளியால் பார்வை. மண்ணில் சாவித்துவாரம் போல இரண்டு பிளவு அருகருகே தெரியும். ஒன்றின் ஓரத்தில் மயிர்போல இழைகள். உங்கள் நிழல் விழுந்ததும் இரண்டும் மூடிக்கொள்ளும், மேலே ஒரு சிட்டிகைச் சேறு கிளம்பும். அதுதான் மட்டி. பிறகு சட்டத்துக்குள் உள்ள மண்ணை 10 செ.மீ. ஆழத்துக்குக் கையால் வழித்து அரிதட்டில் போட்டு அலசுங்கள். இந்த அலசலைச் செய்யாமல் விட்டுவிட்டு "குஞ்சு இல்லை" என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். கண்ணால் பார்த்து, காலால் தடவி எடுத்தால் பெரியது மட்டுமே அகப்படும்.

ஒவ்வொன்றின் நீளத்தையும் மில்லிமீற்றரில் எழுதி, நீர்வாய் உள்ள அகன்ற முனை மேலே இருக்குமாறு, எடுத்த இடத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு புதையும்படி நட்டுவிடுங்கள். சும்மா எறிந்தால் ஓட்டம் இழுத்துக்கொண்டு போகும். வெயிலில் சில நிமிடத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். உயிரோடு இருக்கிறதா என்று வாயைப் பிளந்து பார்க்கவும் வேண்டாம். கடைசியில் 5 மி.மீ. படிகளாக நீளத்தைப் பிரித்துக் கட்டம் கட்டமாய் வரைந்தால், குஞ்சுப் பக்கம் வெறுமையா இல்லையா என்பது ஒரு தாளில் தெரிந்துவிடும்.

அடிநிலத்தையும் எழுதுங்கள். 2 மி.மீ. வரை மணல், அதற்கு மேல் 64 மி.மீ. வரை பரல், அதிலும் பெரியது கல். மணலைக் கையில் எடுத்துத் தண்ணீரில் கரைத்தால் ஒரு நிமிடத்தில் தெளிகிறதா, கலங்கியே நிற்கிறதா என்று பாருங்கள். கலங்கி நின்றால் களி ஏறியிருக்கிறது. தோண்டும்போது மண் கறுத்து, கூழ்முட்டை நாற்றம் வந்தால் அங்கே ஒட்சிசன் இல்லை. ஓட்டத்துக்குத் தோடம்பழம்: 10 மீற்றரை 25 விநாடியில் கடந்தால் மேல்நீரின் வேகம் விநாடிக்கு 0.4 மீற்றர். அடிநீர் மெதுவாகப் போவதால் 0.85 ஆல் பெருக்கினால் சராசரி ஏறக்குறைய 0.34. மூன்று தடவை விட்டுப் பாருங்கள், பழத்தை யாரும் தின்றுவிடாமல்.

கரையில் ஒதுங்கிய வெற்று ஓட்டை வைத்து "இங்கே மட்டி இருக்கிறது" என்று எழுதாதீர்கள். வெள்ளம் ஓட்டை எங்கிருந்தும் கொண்டுவந்து போடும். நத்தைகுத்தி நாரையும் எங்கோ எடுத்ததை இங்கே வைத்துத் தின்னும்.

ஆற்று மண் ஏற்றுவதால் மட்டி அழிகிறது என்கிறார்கள். மண் எடுத்த பள்ளம் அடுத்த மாரி வெள்ளத்தில் நிரம்பிவிடுகிறதே, பிறகென்ன?
– வாசகர், கிரான்

பள்ளம் நிரம்புவது கண்ணுக்குத் தெரிகிறது. நிரம்பியது என்ன மண் என்று பார்க்க வேண்டும்.

மட்டி நிலைக்கிற இடத்துக்கு ஒரு குணம் உண்டு: பெருவெள்ளத்திலும் அடிநிலம் புரளாத இடம். வறட்சியில் எத்தனை வேகம் ஓடுகிறது என்பதை விட, மாரியில் ஆறு கரைபுரளும் நாளில் அந்த அடி அசைகிறதா என்பதே மட்டிப் படுக்கையைத் தீர்மானிக்கிறது என்று பிற நாட்டு ஆற்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நம் ஆறுகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு சில மாதத்துக்குள் கொட்டித் தீர்க்கிற பகுதி இது. அந்த நாளில் மட்டியைக் காப்பது வளைவின் உட்கரை, மருதமர வேர் பின்னிய கரையடி, பெருங்கல்லின் பின்புறம், பரல் கலந்து இறுகிய மணல். மருது நிற்கும் கரையில் வேருக்கடியில் கையை விட்டால் மட்டி தட்டுப்படுவது தற்செயல் அல்ல.

மண் ஏற்றும்போது முதலில் போவது இந்த இறுகிய அடிதான். பெரும்பாலும் மட்டியும் அதோடு டிப்பரில் ஏறிவிடும். அதன் பிறகு மூன்று விதமாகக் கேடு நடக்கிறது. பள்ளத்தின் மேல்விளிம்பு ஓட்டத்தில் அரிபட்டு மேலாறு நோக்கி நகரும். நீங்கள் தோண்டாத இடத்து மணலும் வழிந்து பள்ளத்தில் விழும். அதைத்தான் "நிரம்பிவிட்டது" என்கிறோம். இரண்டாவது, கிளறிவிட்ட களி கீழாற்றில் போய்ப் படியும். பள்ளம் இருக்கும் இடத்தை விட ஒரு வளைவு தள்ளிக் கீழேதான் குஞ்சு மட்டி மூச்சடைக்கும். மூன்றாவது, புதிதாக வந்து விழுந்த மணல் தளர்ந்தது, ஒவ்வொரு வெள்ளத்திலும் புரளும். அதில் மட்டி நிற்காது. மேலிருந்து பார்த்தால் வெள்ளை மணல், அழகான ஆறு. உள்ளே ஒன்றும் இல்லை.

பட்டிப்பளை ஆறு (கல்லோயா) போன்றவற்றில் இன்னொன்றும் சேர்கிறது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் சேனநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கம், மேலிருந்து வரும் மணலைத் தன் வயிற்றிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். அணைக்கு மேலிருந்து வரவேண்டிய மணல் கீழே வராது. அங்கே எடுத்தது எடுத்ததுதான்.

கடலுக்குக் கிட்டிய பகுதியில் ஆற்றடி தாழ்ந்தால் உவர்நீர் முந்தி ஏறாத தூரத்துக்கு ஏறும். அதை அடுத்த கேள்வியில் பார்ப்போம்.

பொறுப்போடு செய்ய வேண்டுமென்றால்: தண்ணீருக்குள் எடுக்காமல், வறட்சியில் மேலே தெரியும் மணல் திட்டில் மட்டும், அன்றைய நீர்மட்டத்துக்கு மேலேயே நிறுத்தி எடுப்பது, கரையடியையும் மருதமரத்தடியையும் தொடாமல் விடுவது, இறங்கும் வழியை ஒரே இடத்தில் வைப்பது. உத்தரவுப் பத்திரத்தில் எல்லை எழுதியிருக்கும். அந்த எல்லைக்குள் மட்டிப் படுக்கை இருந்தால், அனுமதி புதுப்பிக்கும் முன் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுங்கள். மேலே சொன்ன நீள அட்டவணை கையில் இருந்தால் உங்கள் கடிதத்துக்குக் கனம் வரும்.

ஆற்றில் எடுத்த மட்டியை வாவியில் விட்டால் பெருகுமா?
– வாசகர், மண்டூர்

பெருகாது, சாகும். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஆற்று மட்டிக்கு 3, 4 கிராமே நெடுநாள் தாங்காது; குடம்பிக்கு அதிலும் குறைவு. உப்பு ஏறியதும் மட்டி ஓட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருக்கும். முகத்துவாரம் திறந்து ஒன்றிரண்டு நாளில் மழை வந்து உப்பு இறங்கினால் தப்பும். வாரக்கணக்கில் நீடித்தால் உள்ளேயே தீர்ந்துபோகும். மண்டூர்ப் பக்கம் மாரியில் வாவித் தண்ணீர் வாயில் வைத்தால் இனிக்கிறதே என்று விட்டுப் பார்க்க வேண்டாம், கோடை இருக்கிறது.

யூரியா வீசிய கிழமை வடிச்சல் வாய்க்காலில் மட்டி வாய்பிளந்து கிடந்தது. உரந்தான் காரணமென்று சிலர், களைநாசினி என்று சிலர். எப்படி உறுதிப்படுத்துவது?
– கமக்காரர் ஒருவர், சம்மாந்துறை

அடுத்த முறை நடந்தால் முதல் 24 மணித்தியாலத்தில் செய்ய வேண்டியவை இருக்கின்றன. அதன் பின் தண்ணீர் ஓடிவிடும், சாட்சியும் ஓடிவிடும்.

முதலில் செத்த நேரத்தைக் கணியுங்கள். உள்ளே சதை இருந்து நாறினால் ஓரிரு நாள். சதை போய், உள்ளோடு முத்துப்போல மினுங்கினால் சில வாரம். உள்ளோடு சுண்ணாம்பாய் வெளுத்து, வெளித்தோல் உரிந்திருந்தால் பழையது, இந்தச் சம்பவத்துக்குச் சம்பந்தமில்லை. எல்லா அளவும் ஒன்றாகச் செத்ததா என்று பாருங்கள். மீனும் இறாலும் சேர்ந்து செத்ததா, மட்டியும் நத்தையும் மட்டுமா? மட்டியும் நத்தையும் மட்டுமென்றால் நத்தைக்கொல்லி மருந்தையோ செம்பு சேர்ந்த பூஞ்சணநாசினியையோ முதலில் சந்தேகிக்கலாம். செம்பு லீற்றருக்குச் சில பத்து மைக்ரோகிராம் இருந்தாலே மட்டிக் குடம்பி சாகும். மீன் விடியப்புறம் மேலே வந்து வாய்பிளந்திருந்தால் ஒட்சிசன் குறைவு. 30 பாகை செல்சியஸ் தண்ணீர் முழுதாக நிறைந்தாலே லீற்றருக்கு 7.5 மில்லிகிராம் ஒட்சிசன்தான் பிடிக்கும். சல்வீனியா, ஆற்றுவாழை போன்ற மிதக்கும் செடிகள் மூடிய வாய்க்காலில் இரவு முழுதும் அது குறைந்து, சூரியன் எழுமுன் மிகத் தாழ்ந்திருக்கும். பகல் பதினொரு மணிக்கு அளந்துவிட்டு "ஒட்சிசன் சரி" என்பது வீண் வேலை.

உரம் எப்படிக் கொல்கிறது என்றால், யூரியா நின்ற தண்ணீரில் சில நாளில் அமோனியமாகும். அமோனியம் பெரிய நஞ்சல்ல. அதில் ஒரு பங்கு அமோனியாவாக மாறி நிற்கும், அதுவே நஞ்சு. அந்தப் பங்கைத் தீர்மானிப்பது தண்ணீரின் பி.எச். 25 பாகையில் பி.எச். 7 என்றால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பி.எச். 8 என்றால் 5 வீதம். 9 என்றால் 36 வீதம். பாசி பிடித்துப் பச்சையாய்த் தேங்கிய வாய்க்காலில் மத்தியானம் கழிய பி.எச். 9 ஐத் தொடுவது சாதாரணம். காலையில் ஒன்றும் செய்யாத அதே உரம் பின்னேரம் கொல்வது இதனால்தான். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரம் 2013 இல் நன்னீர் அமோனியா வரம்பை இறுக்கியதற்கு மட்டியும் நத்தையும் மீனை விட எளிதில் பாதிக்கப்படுவதே முக்கிய காரணம். பி.எச். 7 இலும் 20 பாகையிலும் நெடுநாள் வரம்பாக லீற்றருக்கு 1.9 மில்லிகிராம் மொத்த அமோனியா நைதரசன் வைத்தார்கள். அதே கணக்கில் 30 பாகைக்கு அது ஏறக்குறைய பாதியாகிவிடும். நம் வாய்க்கால் 30 பாகை.

மாதிரி எடுக்கும் முறை: மட்டி செத்த இடம், அதற்கு மேல் செத்துக் கிடக்காத இடம், வயல் வடிச்சல் வந்து விழும் வாய், இந்த மூன்றிலும். கிருமிநாசினி, களைநாசினி பார்க்கக் கண்ணாடிப் போத்தல். செம்பு போன்ற உலோகம் பார்க்கப் பிளாஸ்ரிக் போத்தல். சோடாப் போத்தலைக் கழுவிக் கொண்டுபோனால் ஆய்வுகூடத்தில் திருப்பிவிடுவார்கள். அங்கேயே கேட்டுப் போத்தல் வாங்குங்கள். வாய்வரை நிரப்பி, நேரம், வெப்பம், பி.எச். எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும். பி.எச். அந்த இடத்திலேயே அளக்க வேண்டியது. போத்தலில் போகும் வழியில் மாறிவிடும். சாகும் நிலையிலுள்ள மட்டி ஐந்தாறை ஈரச் சாக்கில் சுற்றித் தனியே கொண்டுபோங்கள். நாறியது உதவாது.

இனி வராமலிருக்க: உரம் வீசி நான்கைந்து நாள் வயலின் வாய்க்காலை அடைத்துத் தண்ணீரை உள்ளேயே நிறுத்துங்கள். மழை அறிவிப்புள்ள நாளுக்கு முந்தி வீசாதீர்கள். மட்டிக்கு நல்லது என்பது இருக்கட்டும், 50 கிலோ மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. அது வடிச்சலில் போனால் போவது உங்கள் காசு. வட்டை (வயல்வெளி) முழுவதும் ஒரே நாளில் வீசி ஒரே நாளில் வடிப்பதுதான் வாய்க்காலைக் கொல்கிறது. வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டவிதானையோடு கதைத்துக் கண்டம் கண்டமாக நாள் பிரித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மீன்குஞ்சுத் தொட்டிக்கு ஆற்றுத் தண்ணீர் எடுக்கிறோம். குஞ்சுகளின் பூவில் வெள்ளைப் புள்ளி. மட்டியின் வேலை என்கிறார்கள். மருந்து?
– வாசகர், இறக்காமம்

இருக்கலாம். கைவில்லையில் பாருங்கள். இரண்டு ஓடு தெரிந்து, மீனின் தோல் அதைச் சுற்றி மூடி, உடம்பை விடப் பூவிலும் செட்டை ஓரத்திலும் கூடுதலாக இருந்தால் மட்டிக் குடம்பி. உடம்பெல்லாம் உப்புத் தூவியதுபோல் பரவி, மீன் சுவரில் உரசினால் அது வெண்புள்ளி நோய், வேறு மருத்துவம்.

குடம்பிக்கு மருந்து வேண்டாம். தானாக உதிரும், ஒருமுறை வந்த மீனுக்கு அடுத்த முறை எதிர்ப்புக் கூடும். மிகச் சிறிய குஞ்சில் அளவுக்கு மீறி ஒட்டினால் மட்டும் மூச்சுத் திணறும். காற்றூட்டலைக் கூட்டி, தீனியை இரண்டு மூன்று நாள் குறைத்தால் போதும். வராமற் தடுக்க, நீர்க்குழாய் வாயை மட்டிப் படுக்கைக்கு மேலாற்றில் போட்டு, மணல் வடியில் விட்டு எடுங்கள்.

இதையே மறுபக்கத்தாலும் பாருங்கள்: மீன் ஏறமுடியாத இடத்துக்கு மட்டியும் ஏற முடியாது. அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஆளுயரம்கூட இல்லாத தாழ்ந்த அணைகளோடு இரண்டு மட்டிச் சாதிகளின் எல்லை நின்றுபோனது 1990களில் பதிவானது. உங்கள் ஆற்றில் தடுப்பணைக்குக் கீழே எல்லா அளவும், மேலே கிழட்டு மட்டி மட்டும் என்றால், தண்ணீரைக் குறை சொல்லுமுன் அணையைப் பாருங்கள்.

அறுவடை முடிந்து துருசு (மதகு) மூடியதும் பெருவாய்க்காலில் மட்டி காய்ந்து சாகிறது. அள்ளி ஆற்றில் விடலாமா?
– வாசகர், வவுணதீவு

அள்ளுவதை விட நல்லது துருசை மெதுவாக மூடுவது. தண்ணீர் இறங்க இறங்க மட்டியும் பாதத்தால் உழுதுகொண்டு ஆழத்துக்கு நகரும். வற்றும் சேற்றில் விரலால் கீறியது போல ஒரு கோடு போய், முடிவில் ஓட்டின் முனை துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே இரவில் மூடினால் அந்தக் கோடு ஒரு சாண் நீளத்திலேயே நின்றுவிடும். நான்கைந்து நாளாகப் படிப்படியாய் மூடினால் பெரும்பகுதி தானே பள்ளத்துக்குப் போய்ச் சேரும். வாய்க்கால் துப்புரவு செய்யும்போது பள்ளத்தில் நிற்கும் அரையடித் தண்ணீரையும் இறைத்துச் சேற்றை முழுதாக வழித்தெடுக்காமல், ஒவ்வொரு துண்டிலும் ஓர் ஓரத்தை விட்டுவைத்தால் அடுத்த போகத்துக்கு விதை இருக்கும்.

அள்ளித்தான் ஆக வேண்டுமென்றால் விடிகாலையில் செய்யுங்கள். ஈரச் சாக்கில், நிழலில், சில மணித்தியாலத்துக்குள். தண்ணீர் வாளிக்குள் நிறைய அடைத்தால் ஒட்சிசன் தீர்ந்து சாகும். ஈரச் சாக்கே மேல். அள்ளிய மட்டியிலிருந்து வெள்ளைச் சளிபோல வந்தால் அது கருவிலிருந்த குடம்பியை உதறிவிடுகிறது என்று பொருள், குலுக்காமல் கொண்டுபோங்கள். அதே ஆற்றுத் தொகுதிக்குள், ஏற்கெனவே மட்டி வாழும் இடத்தில், இடைவெளி விட்டு ஒவ்வொன்றாய் நடுங்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் மட்டியை வேறோர் ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டாம். நோயும் கூடப் போகும். ஒரு கிழமையிலும் ஒரு மாதத்திலும் போய்ப் பாருங்கள். விட்டுவிட்டுப் படம் எடுத்துப் போடுவது இடமாற்றம் அல்ல.

ஆற்று மட்டியைச் சமைத்துச் சாப்பிடலாமா?
– வாசகி, அக்கரைப்பற்று

சுத்தமான ஓட்டத்தில் எடுத்ததென்றால் சாப்பிடலாம். மட்டி நாளுக்குப் பல லீற்றர் தண்ணீரை வடிக்கிறது. தண்ணீரில் உள்ளது அதன் சதையில் சேரும். நல்ல தண்ணீரில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்து, இடையில் தண்ணீர் மாற்றி, நன்றாக அவித்தால் மண்ணும் கிருமியும் போகும். கட்மியம், ஈயம் போன்றவை போகா. குளத்தில் பச்சை வர்ணம் ஊற்றியதுபோல் பாசி மிதக்கும் காலத்தில் தொடவே வேண்டாம். அந்தப் பாசி நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. நகரக் கழிவு விழும் வாய்க்கால் மட்டியும் வேண்டாம்.

பாடும் மீன் என்பது உண்மையில் மட்டி பாடுவதாமே?
– வாசகர், கல்லடி

1848 இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ற், அன்றைய பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளர், மட்டக்களப்பு வாவியில் தண்ணீருக்குள்ளிருந்து எழும் அந்த ஒலியைக் கேட்டுப் பதிவு செய்தார். மீனவர்கள் அவருக்குக் காட்டியது ஊரி. அது சுருள் ஓட்டு நத்தை வகை, உவர்நீரில் இருப்பது. ஆற்று மட்டி இரட்டை ஓடு. பாட அதற்கு உறுப்பு இல்லை. சட்டென்று மூடும்போது ஒரு "டக்", கொஞ்சம் தண்ணீர் பீச்சல். அவ்வளவுதான் அதன் கச்சேரி.

இந்த மட்டியில் முத்து வளர்க்கலாம் என்று கேள்விப்பட்டேன். ஆற்றில் எடுத்துத் தொடங்கலாமா?
– இளைஞர், மத்தியமுகாம்

இந்தியாவில் புவனேசுவரத்திலுள்ள நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1987 முதல் இதே லமெலிடென்ஸ், பரேசியா சாதிகளில் செய்துகாட்டியிருக்கிறது. முறை சுருக்கமாக: 8 செ.மீ.க்கு மேற்பட்ட நலமான மட்டியை இரண்டு மூன்று நாள் தொட்டியில் நெருக்கமாக வைத்துத் தசையைத் தளரச் செய்வது. ஓட்டை மெல்லத் திறந்து மென்சவ்வுக்கும் ஓட்டுக்கும் இடையில் கருவை (முத்து படிந்து வளரும் சிறு அச்சை) வைப்பது. பத்து நாள் பராமரிப்பு. பிறகு வலைப்பையில் இரண்டிரண்டாய்ப் போட்டுக் குளத்தில் ஏறக்குறைய 1 மீற்றர் ஆழத்தில் தொங்கவிட்டு 12 முதல் 18 மாதம். பிழை நேர்வது பெரும்பாலும் இரண்டிடத்தில்: ஓட்டை ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நெம்பி மூடுதசை கிழிவது, உணவுப்பாசி இல்லாத தெளிந்த குளத்தில் தொங்கவிடுவது. கிடைப்பது பெரும்பாலும் அரைமுத்து, உருவ முத்து. படத்தில் பார்க்கும் உருண்டை முத்து அரிது.

ஆற்றில் எடுத்துத் தொடங்க வேண்டாம். 8 செ.மீ.க்கு மேற்பட்டதையே பொறுக்குவீர்கள். அதுதான் குஞ்சு பொரிக்கும் கூட்டம். முதற் கேள்வியில் சொன்ன ஆற்றில் குஞ்சு இல்லை, நீங்கள் பெரியதையும் எடுத்தால் கணக்கு அத்தோடு முடிந்தது. சொந்தக் குளத்தில் வளர்ந்ததை வைத்துப் பழகுங்கள். தொழிலாகச் செய்யுமுன் நெக்டா எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் அலுவலகத்தில் அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது. நான்கு மட்டி போட்டால் தெளியுமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

கிணற்றில் மட்டிக்குச் சாப்பாடு இல்லை. சில வாரம் பட்டினி கிடந்து அடியில் செத்து அழுகும். அந்த அமோனியா உங்கள் குடிதண்ணீரில். கிணற்றை இறைத்துத் தூர் எடுங்கள்.